பாறை ஏறும் பேன்ட் யாருக்கு?

எங்கள் ஊரில் பாறை மீட்புப் பிரிவு என்று ஓர் அரசு அலுவலகம் உண்டு. அதில் அதிகாரிகள் பதினொரு பேர்; பாறை ஏறத் தெரிந்தவள் ஒரே ஒருத்தி. அவளைப் பல்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கீழே நின்று அவளுக்குக் கயிறு பிடிப்பவன் அவள் கணவனின் தம்பி.

ஒரு நாள் பாறையில் காலைத் தூக்கும்போது பல்லியின் பேன்ட் டர்ரென்று கவட்டில் கிழிந்தது. 'நீடித்து உழைக்கக்கூடியதும் உடுத்த வசதியானதுமான பேன்ட் ஒன்று வழங்கி உதவுமாறு' மனு கொடுத்தாள். பொருளின் முக்கியத்துவத்தைக் கருத்தில் கொண்டு உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது.

குழுவின் முன் இரண்டு பேன்ட் வைத்தார்கள். ஒன்று இழுத்தால் நீளும் துணி. கவட்டில் தனித் துண்டு வைத்துத் தைத்தது, முட்டியில் இரட்டைத் துணி. இன்னொன்று கூடாரம் அடிக்கிற முரட்டுத் துணி. தரையில் வைத்தால் ஆள் இல்லாமலேயே நின்றது.

பல்லி முதல் பேன்ட்டில் பாறை ஏறிக் காட்டினாள். துணியில் முட்டிப் பக்கம் லேசாகச் சிராய்ப்பு விழுந்தது. இரண்டாவதில் அவளால் ஏறவே முடியவில்லை. ஆகவே அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தீங்களா! நீடிச்சு உழைக்கிறது இதுதான்" என்றார் பிரிவின் இயக்குநர்.

"சார், இதுல முட்டியையே மடக்க முடியல. ஏறாததாலதான் தேயல."

"நீ கேட்டதுல ரெண்டு விஷயம் இருக்கும்மா. ஒண்ணு உழைப்பு, அது உழைக்கிற உனக்கு. இன்னொண்ணு வசதி, அது நாள் முழுக்க ஒரே இடத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு. அந்தக் கஷ்டம் எங்களுக்குத்தானே தெரியும்!"

"அப்போ அண்ணி எப்படி சார் மேல போவாங்க?" என்றான் கயிறு பிடிப்பவன்.

"அதைச் செயலாக்கப் பிரிவு பாத்துக்கும்."

"அது யாரு சார்?"

"உங்க அண்ணிதான்."

முரட்டு பேன்ட் பல்லிக்கும், வசதியான பேன்ட் அதிகாரிகள் அனைவருக்கும் வழங்கி ஆணை பிறந்தது.

அதிகாரிகள் அதைப் போட்டுக்கொண்டு வீதியில் நடந்த மிடுக்கில் ஊரே சொக்கிப்போனது. வங்கி மேலாளர் ஒன்று வாங்கினார். கணக்கு வாத்தியார் இரண்டு வாங்கினார். நானும் வாங்கினேன். இடுப்பில் கயிறு மாட்ட ஒரு வளையம் இருந்தது. அதில் வீட்டுச் சாவியை மாட்டிக்கொண்டேன். மாடிப்படி ஏறும்போது என்ன ஒரு கம்பீரம்!

பல் டாக்டர் ஒருவர்தான் பேன்ட்டை நம்பிவிட்டார். போட்டோ எடுத்துக்கொள்ளப் பாறையில் பாதி வரை ஏறியவர், மேலே போகவும் தெரியாமல் இறங்கவும் தெரியாமல் ஒட்டிக்கொண்டார். அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பல்லி ஓடிவந்தாள். ஓடி என்பது ஒரு மரியாதைக்குத்தான். அந்த பேன்ட்டில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாக வந்தாள். முதல் அடிக்கே கால் எழும்பவில்லை. திரும்பிப் பார்த்தாள். கீழே ஊரே திரண்டிருந்தது, ஒருவர் பாக்கியில்லாமல் பாறை ஏறும் பேன்ட்டில்.

"யாராவது ஒருத்தர் உங்க பேன்ட்டைக் கழட்டிக் குடுங்க! அவர் கையை விட்டுடப் போறார்!"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இயக்குநர் தன் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நானும்தான். மனிதர் மேலே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொங்குகிறார், எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது மானம்.

"தம்பி, கத்தியக் குடு" என்றாள் பல்லி. தொடையிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை இரண்டு பக்கமும் பேன்ட்டை அறுத்தாள். விறுவிறுவென்று ஏறி, டாக்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். நாங்கள் கைதட்டினோம். எல்லாப் பத்திரிகையிலும் அவள் படம் வந்தது.

கூடவே குறிப்பாணையும் வந்தது. 'நீடித்து உழைக்கவேண்டிய அரசு உடைமையை வேண்டுமென்றே உழைக்கவிடாமல் செய்தமைக்காக', அன்று மாலைக்குள் பேன்ட்டைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் வேலை நீக்கம்.

அவள் தையல் கடைக்கு ஓடினாள். வாசலைத் தாண்டித் தெரு வரை வரிசை. முதல் ஆள் இயக்குநர். கடைசி ஆள் நான்.

"அண்ணே, அவசரம். இதை உடனே தைச்சுக் குடுங்க, இல்லன்னா வேலை போயிடும்!"

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "வரிசையில நில்லும்மா. இவங்க எல்லாருக்கும் பத்திரிகையில வந்த உன் படத்துல இருக்கிற மாதிரியே கிழிச்சு விடணும். அதை முடிச்சுட்டு உனக்குத் தைக்கிறேன்."