மச்சானின் விமானமும் என் இரண்டரை மணித்தியாலமும்

கணக்கு அரைகுறையாகத் தெரிந்தவனிடம் எந்தப் பயணத்தையும் ஒப்படைக்கக் கூடாது. ஒன்றுமே தெரியாதவனாவது நாலு பேரிடம் கேட்பான். நான் யாரிடமும் கேட்கவில்லை.

டோஹாவில் வேலை செய்த மச்சான் (என் அக்கா, ராத்தாவின் கணவர்) தன் மகளைப் பார்க்க முதன்முதலாக வருகிறார். பிள்ளைக்கு ஒன்பது மாதம். வாப்பாவைப் போனில்தான் கண்டிருக்கிறாள். "அவர் வெளியில வந்தவுடன முதல்ல பிள்ளைட முகத்தைத்தான் பார்க்கோணும்" என்று ராத்தா ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கென்றே ரோஸ் நிறச் சட்டையும் தைத்துவிட்டாள். கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீடு பெருநாள் வீடாகிவிட்டது.

வேன் எப்போது புறப்படுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பை வலியப்போய் வாங்கினேன். (அப்போதுதான் உயர்தரப் பரீட்சையில் கணிதம் பாஸ். கேட்க வேண்டுமா?) டிக்கெட்டில் புறப்பாடு இரவு ஒரு மணி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவது காலை எட்டரை.

"அது டோஹா நேரம். நாங்க இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அப்ப பதினொரு மணிக்குத்தான் இறங்கும். விடிய சுபஹு தொழுதிட்டு வெளிக்கிட்டாப் போதும்."

"இறங்குற ஊர் நேரத்தைத்தானே மகன் போடுவாங்க?" என்றார் உம்மா. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர். இது தெரியாத ஆளே இல்லை.

"உம்மா, சும்மா இரிங்க. இது கணக்கு!"

ஐந்து மணித்தியாலப் பறப்பு அது. என் கணக்குப்படி ஏழரை ஆகிறது. மிச்ச நேரம் விமானம் எந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

வேனில் ஒரே பாட்டும் கூத்தும். குருநாகல் தாண்டும்போது தெரியாத நம்பர் ஒன்று என் போனுக்கு மூன்று முறை எடுத்தது. "சிம் விக்கிற ஆக்களா இருக்கும்" என்று மூன்றையும் வெட்டினேன். ராத்தாவின் போனைப் பிள்ளை சப்பியே கொன்றிருந்தாள்.

பத்தரைக்கு விமான நிலையத்தில் இறங்கி, "பார்த்தீங்களா, அரை மணித்தியாலம் முந்தி!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பன்னிரண்டு ஆகியும் மச்சானைக் காணவில்லை. மறுபடி அதே நம்பர்.

"எங்கடா நிக்கிறீங்க? பிள்ளைக்கு என்ன?" மச்சானின் குரல்.

"பிள்ளை சோக்கா இருக்கிறாள். நீங்க எங்க மச்சான்?"

"தம்புள்ளை கிட்ட! ஒருத்தரையும் காணேல்ல, புது சிம் போட்டு எடுத்தா போனையும் வெட்டுறீங்க. பிள்ளை ஆஸ்பத்திரியில எண்டு பயந்து, கிண்ணியா வேன் ஒண்டில ஏறிட்டன்."

ராத்தா அங்கேயே கதிரையில் இருந்து அழுதாள். பிறகு பிள்ளையின் பையாலேயே எனக்கு ஒன்று வைத்தாள்.

பின்னேரம் ஊர் திரும்பினோம். பூட்டிய வீட்டு வாசலில், பெட்டிமேல் குந்தியிருந்த மச்சான் துள்ளி எழுந்து ஓடிவந்தார். "வாங்க, வாங்க! பயணமெல்லாம் எப்பிடி?" கேட்டுவிட்டு அவரே அழுதார். சட்டையெல்லாம் பிஸ்கட் அப்பிய பிள்ளை, அவருடைய தாடியைப் பிடித்து இழுத்துக் கெக்கே என்று சிரித்தாள். எனக்கு அன்று சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அடி வலியும் மறந்துபோனது.

மச்சான் பெட்டியைத் திறந்து எனக்கென்று ஒரு கைக்கடிகாரம் தந்தார். அது டோஹா நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றுவரை அதைத் திருத்த ராத்தா விடவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். "அஞ்சு நிமிசத்தில வாறன்" என்று நான் சொன்னால், இடுப்பில் கைவைத்துக் கேட்பாள்:

"எந்த ஊர் நேரம், மாமா?"