வகுப்புக்கு வெளியே கழற்றி வைத்தவை

வகுப்பு முடிந்து வெளியே வந்த நிஷாந்தினி, வாசலில் கிடந்த செருப்புகளை இரண்டு தரம் பார்த்தாள். அவள் போட்டு வந்த சோடியைக் காணவில்லை.

அது அவளுடையதும் இல்லை. மச்சாள் பாக்கியலெட்சுமி தலையிடி என்று படுத்திருந்த நேரம், கேட்காமல் போட்டு வந்தது. பொன்னிற வார் வைத்தது. போன ஞாயிறுதான் வீட்டுக்கு வந்தது. "இன்னொருக்கா என்ர சாமானில கை வைச்சால் பெட்டியைக் கட்டு" என்று மச்சாள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வெள்ளவத்தையில் நிஷாந்தினிக்குத் தங்க வேறு இடமில்லை.

பண்டைய தத்துவத்தைக் கொண்டு ஞாயிறுதோறும் மனிதர்களை நல்லவர்களாக்கும் ஹியூபேட் மாஸ்டரிடம் ஓடினாள்.

"சேர், செருப்பைக் காணேல்ல."

"போனது பொருள்தானே பிள்ளை. மனம் போகேல்லயே? இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே ஞானிகள் சொல்லிப்போட்டினம்."

"என்ர மனம் பரவாயில்ல சேர். மச்சாளின்ர மனம்தான் பிரச்சினை."

"அவவையும் வகுப்புக்குக் கூட்டி வாரும்."

"அவ ஒவ்வொரு கிழமையும் வாறவ சேர். இண்டைக்குத்தான் வரேல்ல."

மாஸ்டர் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நான் ஒருத்தரையும் சந்தேகப்பட மாட்டன். நூறு எண்ணும் வரைக்கும் எல்லாரும் கண்ணை மூடுங்கோ. எடுத்தவர் எழும்பிப் போய் வைச்சிட்டு வரட்டும். மனச்சாட்சியை நம்புவம்."

அவரும் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ எழுந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் சிலர். மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது நாலு பேரைக் காணவில்லை. வாசலில் ஐந்து சோடியைக் காணவில்லை. ஐந்தாவது மாஸ்டருடையது.

ஞானிகள் எவரும் சொல்லாத ஒரு சொல்லை மாஸ்டர் சொன்னார்.

நிஷாந்தினி காலி வீதியின் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடந்து வீடு வந்தாள். மச்சாள் கட்டிலில் கிடந்தபடியே அவள் கால்களைப் பார்த்தாள்.

"என்ர செருப்பு எங்க?"

"நாய் கவ்விக்கொண்டு போட்டுது மச்சாள்."

"ரெண்டையுமோ?"

"ரெண்டு நாய்."

அன்றைய பாடம் உண்மை பேசுதல். நிஷாந்தினி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அழுதபடியே அலுமாரிக்கு மேலிருந்த தன் பெட்டியை எட்டி இறக்கினாள்.

"நில். வகுப்பு வாசலிலயோ துலைஞ்சது?"

"ஓம் மச்சாள்."

மச்சாள் எழுந்து உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"அப்ப அடுத்த கிழமை நானும் வகுப்புக்கு வரலாம். செருப்புக்குச் சொந்தக்காரி கண்டு எடுத்திட்டா போல."