நான் மன்னிக்காத காட்சி

என் தங்கை மகளுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது.

நான் உன்னை மன்னிக்கவில்லை. நீ எடுத்து நீயே நடித்த படத்தில், என்னைக் கேட்காமலே, நான் உன்னை மன்னித்துவிட்டதாகக் காட்டியிருக்கிறாய். ஊரே பார்த்துவிட்டது. இதுதான் நீ எனக்குச் செய்த அநியாயம். மற்றபடி இங்கே அனைவரும் நலம். நீ நலம் என்பதைச் சுவரொட்டியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பள்ளிக்கூடம் போகாமல், பழைய செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்து எழுதக் கற்றவன் நான். சுற்றி வளைக்கத் தெரியாது. உன் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு வாரம் உன்னையே கேட்டாள். நீ வேறு யாருடைய படத்துக்கோ வேலையாக இருந்தாய். அடக்கத்துக்கும் வரவில்லை. இப்போது படம் வந்திருக்கிறது, வேர்களைத் தேடிக் காட்டுக்குப் போகும் பழங்குடிப் பெண்ணின் கதை என்று. நம் ஆட்கள் காட்டைவிட்டு என் தாத்தா காலத்திலேயே வந்தாயிற்று. உன் வேர் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாது, படியேறித்தான் வரவேண்டும்.

படத்தில் நான் குடிசையில் இருக்கிறேன், இடுப்பு வரை தாடி, கழுத்தில் எலும்பு மாலை. மோட்டார் பம்பு பழுதுபார்க்கிறவன் கழுத்தில் மாலை தொங்கினால் பெல்ட்டில் சிக்கி ஆளையே உள்ளே இழுத்துவிடும் என்று யாராவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். அது போகட்டும். படம் வந்த மறுநாளிலிருந்து கடையில் உட்கார முடியவில்லை. பக்கத்துச் சலூன்காரர் வந்து, "என்னண்ணே, கடைசில உருகிட்டீங்களே" என்கிறார். "அது நான் இல்லப்பா" என்றேன். "அப்ப அழுதது யாரு?" என்கிறார். மேல்வீட்டுக்காரன், என் சமையலறைக் கூரையில் ஓயாமல் தண்ணீர் ஒழுகவிடுகிறவன், "பெத்தவ சாவுக்கு வராத பொண்ணையே மன்னிச்சீங்க, என் குழாயை மன்னிக்க மாட்டீங்களா" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போகிறான். உன் அத்தை தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "படத்துல வர்ற மனுஷன் பரவாயில்ல, பேச்சு கம்மி" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் நான் உன் நெற்றியில் சேறு பூசி அணைத்துக்கொள்கிறேன், எல்லாம் தீர்ந்துவிடுகிறது. நம்மிடம் சேறு பூசும் பழக்கம் எந்தக் காலத்திலும் இல்லை. தப்புச் செய்தவர் வீட்டுக்கு வந்து, செய்ததை நம் மொழியில், எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. சொல்வதுதான் கஷ்டம்.

படப்பிடிப்பு நடந்த நாட்களில் உன் உதவியாளர் ஒருவர் போன் செய்தார். "ஐயா, 'அம்மா கூப்பிட்டாங்க, நான் வரல, தப்பு என்னோடதுதான்' அப்படின்னு உங்க மொழியில எப்படிச் சொல்வீங்க?" எதற்கு என்று கேட்டேன். "ஒரு சீனுக்கு" என்றார். ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னேன். அரங்கில் அந்த இடம் வந்தது. உன் வாய் அசைகிறது, காதில் விழுவது புல்லாங்குழல். அந்த மொழி தெரிந்தவர்கள் அங்கே நானும் உன் அத்தையும் மட்டும்தான். எங்களுக்கும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வாதம் உண்டு, மன்னிப்பு கிடையாது. பதில் எழுத வேண்டாம், வரவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தாடி இல்லாத உன் தாய்மாமன்

பி.கு.: இதை எழுதி முடித்த பிறகு, உன் வாயை மட்டும் பார்ப்பதற்கென்று தனியாக மறுபடி போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. ஆகவே வரவேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். செய்ய வேண்டியவை: புல்லாங்குழல்காரர் அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். மேல்வீட்டுக்காரன் படத்தைச் சாட்சிக்கு இழுக்காமல் குழாயைச் சரிசெய்ய வேண்டும். உன் அத்தை கதவைத் திறக்க வேண்டும். நீ வாசலில் நின்று அதையே சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்க வேண்டும். பதில் அப்புறம்.