இடமிருந்து மூன்றாவது

திருச்சானூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் ஜெயபிரகாஷ் சார் அவர்களுக்கு, தங்களிடம் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த புத்தூர்–நகரி நிருபர் வேங்கடாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி தாட்சாயணியும் இங்கு சுகம். தங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று கேள்விப்பட்டேன். காதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே போன் செய்யாமல் இதை எழுதுகிறேன்.

சார், ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. என் செய்திகளுக்கு இதுவரை இரண்டே திருத்தங்கள்தான் வந்தன என்பது தங்களுக்கு நினைவிருக்கும். சத்தியவேட்டில் வெள்ளத்தில் செத்த மாடுகளின் எண்ணிக்கை ஒன்று, ஒரு அதிகாரியின் இனிஷியல் இன்னொன்று. இரண்டுக்கும் வாசகம் எழுதித் தந்தது நீங்கள். இது மூன்றாவது. ஆனால் இந்தத் தவறு பத்திரிகையில் வரவில்லை. ஒரு வீட்டுச் சுவரில், மாலை போட்டு, விளக்கேற்றி மாட்டப்பட்டிருக்கிறது. வருகிற வியாழக்கிழமைக்குள் அதைத் திருத்தாவிட்டால், உயிரோடு இருக்கும் ஒரு அம்மாளுக்குத் திவசம் நடந்துவிடும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஓய்வுபெற்றபோது என்னிடம் மிஞ்சியது பதினோரு பிஸ்கட் டப்பா நெகட்டிவ். கடையில் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானே பிரின்ட் போடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் போர்ஷன் ஒரு அறை, ஒரு சமையலறை, நாலுக்கு ஆறடியில் ஒரு பாத்ரூம். வெளிச்சம் புகாமல் அடைக்கக்கூடிய இடம் பாத்ரூம் ஒன்றுதான். சித்தூரில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பரணிலிருந்து, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். "தையல் மிஷினா சார்?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. இப்போது கக்கூஸ் மூடியின் மேல் ஒரு பலகை, அதன் மேல் என்லார்ஜர். இரண்டு வாளிகளின் மேல் இன்னொரு பலகை, அதில் மூன்று ட்ரே: டெவலப்பர், வினிகர் தண்ணீர், ஹைப்போ. ஜன்னலுக்குக் காலண்டர் அட்டை. கதவிடுக்குக்குத் தாட்சாயணியின் கறுப்பு உள்பாவாடை. சிவப்பு விளக்குக்காகச் சாமி மாடத்தில் எரிந்த ஜீரோ வாட் பல்பைக் கழற்றினேன். "தாயாருக்கு இருட்டு, உங்களுக்கு வெளிச்சமா?" என்று கேட்டாள். பகல் இரண்டிலிருந்து நாலு வரை பாத்ரூம் எனக்கு என்று உடன்பாடு. அந்த நேரத்தில் அவள் எதிர் போர்ஷன் ஷோபா வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே என்ன சொன்னாளோ, எங்கள் கதவுக்கடியில் சிவப்பு வெளிச்சம் கசிவதைப் பார்த்தால் ஷோபா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்து போகிறாள்.

போன மாதம் ஹரிபாபு என்பவர் என்னைத் தேடி வந்தார். திருச்சானூருக்கும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் நாகலாபுரம் பக்கத்தில் ஒரு காலனி. அவருக்கு மூன்று வயது ஆகுமுன்பே அம்மா சென்னம்மா காமாலையில் இறந்துவிட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. வருடா வருடம் திவசத்தன்று ஒரு செம்புக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அதைத்தான் அம்மா என்று கும்பிட்டு வந்திருக்கிறார்கள். போன வருடம் அப்பா கங்கையா சாகும் தறுவாயில் சொன்னாராம்: "தண்ணி வரலன்னு ரோட்டை மறிச்சோமே, அன்னிக்கு ஒரு ரிப்போர்ட்டர் போட்டோ புடிச்சான் நைனா. பேப்பர்லயும் வந்திச்சி. எடது பக்கத்துலேர்ந்து மூணாவது ஆளு உங்கம்மா."

அந்த ரிப்போர்ட்டர் நான்தான். 1998 மே மாதம், காலிக் குடங்களுடன் சாலை மறியல், ஒன்பது பெண்கள். நெகட்டிவ் நாலாவது டப்பாவில் இருந்தது. பளபளப்பான பக்கம் மேலே, மங்கலான பக்கம் கீழே என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். இருபத்தேழு வருடப் பூஞ்சையில் இரண்டு பக்கமும் மங்கலாகவே இருந்தன. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துச் செருகினேன். பலகையில் விழுந்த உருவங்களை இடமிருந்து எண்ணி, மூன்றாவது தலையை மட்டும் பெரிதாக்கினேன். இரண்டு பேர் நிற்க அங்கே இடமில்லை. ஹரிபாபு குழாயைக் கட்டிக்கொண்டு நின்றார். சார், டெவலப்பரில் வெள்ளைத் தாள் கிடக்கும்போது கறுப்பாக உள்ளவைதான் முதலில் வரும். தலைமுடி வரும், பொட்டு வரும், இரண்டு கண்மணிகள் வரும். முகம் அதற்குப் பிறகுதான். இன்னும் முகம் வராத அந்தக் கண்கள் தண்ணீருக்கடியிலிருந்து ஹரிபாபுவைப் பார்த்தன. "வந்துட்டியாம்மா" என்றார். எனக்குக் கழுத்தோரம் ஜில்லென்றது. குழாய் சொட்டியது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பிரின்டைக் காயவைத்தபோது அவர் மனைவி சுமித்ராதான் கவனித்தார். மாராப்பு வலது தோளில் கிடந்தது. "செத்தவங்களுக்கு எல்லாம் எதிர்ப்பக்கம்தான் சார்" என்று அவரே காரணமும் சொன்னார். நான் அதை மறுத்து, குடத்தை இடுப்பில் வைக்க வசதியாக அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலர் அப்படிப் போடுவதுண்டு என்றேன். இரண்டாவது பொய். வீட்டில் பெரிதாக ஒன்று மாட்டினார்கள், ஆட்டோ கண்ணாடிக்கு மேலே சிறிதாக ஒன்று. தினமும் காலையில் டிபனில் முதல் விள்ளல் படத்துக்கு. அமாவாசையன்று கருவாட்டுக் குழம்பு. அம்மா ஆசையாகச் சாப்பிடுவாள் என்று அப்பா சொன்னது. வண்டி எடுக்கும் முன் ஹரிபாபு படத்தின் முன் நின்று அன்றைய கவலைகளைச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று சுமித்ரா என்னிடம் சொன்னார்.

படம் மாட்டிய பதினெட்டாவது நாள், பகல் மூன்று பத்து. ஹரிபாபுவின் மாமனார் வீட்டுக்கென்று இன்னொரு பிரதி போட்டுக்கொண்டிருந்தேன். முகம் முழுதாக வந்துவிட்டது. பாத்ரூம் கதவு தட்டப்பட்டது. தாட்சாயணி என்று நினைத்தேன். "திறக்காதே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. வெளிச்சம் பட்டதும் ட்ரேயில் இருந்த முகம் கன்னத்திலிருந்து கறுத்து, கண் கறுத்து, முழுக்க மறைந்தது. அதே முகம் கதவில் நின்றது, அது மறையவில்லை. சிவப்பு விளக்கில் சுருக்கங்கள் தெரியாது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. முப்பத்தைந்து வயதில், அதே பொட்டுடன், என்னைப் பார்த்து நின்றது.

"ரிப்போர்ட்டர் அண்ணா, நா செத்து எத்தினி நாளாவுது?"

எதிர் போர்ஷனிலிருந்து தாட்சாயணியும் வந்துவிட, வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தோம். வெளிச்சத்தில் அறுபத்திரண்டு வயது. பெயர் ரத்னம்மா, அதே காலனி, இங்கே ஒரு லாட்ஜில் பெருக்கித் துடைக்கிறவர். தினமும் ஷேர் ஆட்டோவில்தான் வேலைக்குப் போகிறார். ஒரு நாள் கண்ணாடிக்கு மேலே பார்த்தால் அவருடைய படம், மாலையோடு. "'இது யாரு நைனா?'ன்னு கேட்டேன். 'எங்கம்மா, ஆயா. செத்துட்டாங்க'ன்றான். போட்டோ குடுத்தது நீன்னும் அவன்தான் சொன்னான். நா அடுத்த ஸ்டாப்லயே எறங்கிட்டேன்" என்றார்.

தாட்சாயணி காப்பி கொடுத்தாள். வேண்டாம் என்றார். "பதினஞ்சு நாளுக்கு மேல பசியே இல்ல. துன்னாமலே வயிறு ரொம்பிக்கினு கெடக்குது. தலையில ஊதுபத்தி வாசன. நா கவிச்சிய வுட்டு இருவது வருசம் ஆவுது, அமாவாசைக்கு மறுநாள் பூரா கருவாட்டு ஏப்பம்."

"இஞ்சி துன்னு பாத்தியா?" என்றாள் தாட்சாயணி.

"எல்லாம் பாத்தேன். யாரோ எனக்கு சோறு வெக்கிறாங்கக்கா. வர்ற வியாழக்கெழம தெவசமாம், அந்தப் பையன் ஆட்டோல யார்கிட்டயோ சொல்லிக்கினு இருந்தான். எள்ளும் தண்ணியும் எறைச்சிட்டா அப்புறம் நா எங்க நிக்கறது?"

கருவாட்டு விஷயம் அவருக்கு முன்பே தெரியுமா என்று மூன்று விதமாகக் கேட்டேன். தெரியாது. ஹரிபாபு வீடு எங்கே என்பதும் தெரியாது. உறுதிசெய்யப்படாத தகவல் என்றுதான் தங்களுக்கு இதை எழுத முடியும்.

அவர் போன பிறகு நெகட்டிவைத் திருப்பிச் செருகினேன். மாராப்புகள் எல்லாம் இடது தோளுக்கு வந்தன. இடமிருந்து மூன்றாவதாக இருந்த ரத்னம்மா வலமிருந்து மூன்றாவதாகப் போனார். உண்மையில் இடமிருந்து மூன்றாவதாக இருப்பவருக்கு முகம் இல்லை. குடம்தான் இருக்கிறது. அன்று "குடத்தை நல்லா தூக்கிப் புடிங்கம்மா" என்று நான்தான் கத்தினேன். எட்டுப் பேர் தோள்வரை தூக்கினார்கள். சென்னம்மா ஒருத்திதான் நான் சொன்னபடி நன்றாகத் தூக்கியவள்.

இதைச் சொல்லத்தான் நேற்று ஹரிபாபுவின் ஆட்டோவில் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்தேன். "அம்மா மொகம் தெரிஞ்சப்புறம்தான் சார் எனக்கு தூக்கமே வருது" என்றார். நான் இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன்: 'மாலையிடப்பட்ட படத்தில் இருப்பவர் திருமதி ரத்னம்மா, வலமிருந்து மூன்றாவது. மறைந்த சென்னம்மா இடமிருந்து மூன்றாவதாக, குடத்துக்குப் பின்னால் உள்ளார். தவறுக்கு வருந்துகிறோம்.' தகவல் எல்லாம் சரிதான். கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை. சொன்னால் ஒருவனுக்கு அம்மா போகிறாள், சொல்லாவிட்டால் ஒரு அம்மாள் போகிறார். தாங்கள் ஒரு வாசகம் எழுதித் தர வேண்டும். கூரியரில் அனுப்புகிறேன், நாளைப் பகலுக்குள் கிடைத்துவிடும். பதிலைத் தங்கள் பேரன் மூலம் தாட்சாயணியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லவும். இருட்டறையை நேற்றே கலைத்துவிட்டேன். பல்பு சாமி மாடத்துக்குத் திரும்பிவிட்டது.

தங்கள் வீட்டு அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. தாயார் கோயில் குங்குமம் உள்ளே வைத்திருக்கிறேன். உறையைக் கண்ணுக்கு எட்டத்தில் வைத்துப் பிரிக்கவும்.

தங்கள் அன்புள்ள,
வேங்கடாசலம்

பின்குறிப்பு, வியாழக்கிழமை: இந்தக் கடிதத்தை அன்று அனுப்பவில்லை. செவ்வாய் சாயங்காலம் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது ரத்னம்மா வந்தார். "சொல்லிட்டியா அண்ணா?" என்றார். ஆசிரியருக்கு எழுதிக்கினு இருக்கேன் என்றேன். "சொல்லாத" என்றார். ஏன் என்றேன். அன்று காலையில் வழி விசாரித்து ஹரிபாபு வீட்டுக்கே போய், குடிக்கத் தண்ணி கேட்டு, படத்துக்கு நேராக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். சுமித்ராவுக்கும் அடையாளம் தெரியவில்லை. "எம் புள்ளைங்க ரெண்டு பேரும் பேசி ஏழு மாசம் ஆவுது. இந்தப் பையன் தெனம் காலைல ஆறரைக்கு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வண்டி எடுக்கறான். எனக்கு எங்க வூட்டுல படுத்துக்கினே காதுல வுழுது அண்ணா. பாத்துப் போ நைனான்னு நானும் சொல்றேன்." அவர் இருக்கும் இடத்துக்கும் ஹரிபாபு வீட்டுக்கும் ஒன்றரை கிலோமீட்டர். அப்போ வியாழக்கிழமை என்று இழுத்தேன். "பண்ணட்டும். யாரு பண்றா எனக்கு?" என்றார். ஆகவே திருத்தம் தேவையில்லை, தாங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், மேலே எழுதிய எல்லாவற்றையும் இல்லை என்று வைத்துக்கொள்ளவும். போகும்போது தன்னுடைய ஸ்டவ்வையும் ரெண்டு குண்டானையும் எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "எனக்கு இனி எதுக்கு இது, நீங்க வெச்சிக்கங்க" என்று சொல்லிப் போனார். தாட்சாயணி இன்னும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. இப்போது மணி பதினொன்றரை ஆகிறது சார். இந்நேரம் அங்கே இலை போட்டிருப்பார்கள்.