மிளகளவு கட்டி பற்றித் திமிரி சம்பந்திக்கு

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

திமிரி ஏரிக்குக் கீழே நெல்லும் வேர்க்கடலையும் விளைவித்து, சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்து, யாருக்கும் தலை குனியாமல் வாழ்ந்து வரும் மரியாதைக்குரிய சம்பந்தி அன்பரசன் அவர்களுக்கு ஆம்பூர் காசி இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் எல்லம்மாவும், உங்கள் மாப்பிள்ளை இளம்பரிதியும், முக்கியமாக உங்கள் மகள் ஷர்மிளாவும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் கறவை மாடுகளும் அதே மாதிரி இருக்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் என் தோஸ்த் அஹமது பாஷா. நான் தோல் ஷாப்பில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டின காலத்தில் அங்கே குமாஸ்தாவாக இருந்தவர். கையெழுத்து அவருடையது, வார்த்தை என்னுடையது. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள். உள்ளே இருப்பது இரண்டு சம்பந்திகள் பேசிக்கொள்கிற விஷயம் இல்லை. பேச வேண்டி வந்துவிட்டது.

நீங்கள் போனை எடுக்கவில்லை. இளம்பரிதி போட்டாலும் எடுக்கவில்லை, பெற்ற மகள் போட்டாலும் எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்களோடு டெம்போ எடுத்துக்கொண்டு வருவதாகவும், பொண்ணையும் சீர்ப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு உறவை அதோடு முடித்துக்கொள்வதாகவும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். உங்களுக்குப் போன் போட்டு, 'உங்க பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி எங்கயாவது பிள்ள பெத்துக்கிச்சா' என்று கேட்டவள் என் கூடப் பிறந்த அக்கா, ராணிப்பேட்டைக்காரி. நான் கேட்கச் சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டாள் என்பதே எனக்கு உங்கள் ஆள் வந்து சொன்ன பிறகுதான் தெரியும். 

நடந்தது இதுதான். முட்டி வலிக்கு எண்ணெய் வாங்க ஆம்பூர் வந்த அக்கா, வலி போனால்தான் நானும் போவேன் என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். உங்கள் மகள் ஷூ கம்பெனியில் தையல் லைன் முடித்து வந்து, துணியைத் துவைக்கப் போட்டிருக்கிறாள். அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் எதிரில் நிற்கிற ஆள் யாரென்று தெரியாது, ஆனால் பக்கெட்டில் கிடந்த ஜாக்கெட்டில் இருந்த கறை தெரிந்துவிட்டது. எடுத்து மோந்து பார்த்து, 'எல்லம்மா, இது பால் வாடை இல்ல?' என்றாள். எல்லம்மா மருமகளைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தப் பொண்ணு அழுதுகொண்டே, ஆமா அத்தை, கொஞ்ச நாளா இப்படித்தான், மாசா மாசம் வர்றதும் ஒழுங்கா வர்றதில்ல, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல என்று சொல்லியிருக்கிறது. இந்த இடத்தில் பாஷா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'இதெல்லாம் நான் எழுத மாட்டேம்பா, எனக்கும் பேத்திங்க இருக்குது' என்கிறார். 'வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இதெல்லாம் என் எதிர்லயே சத்தமா கேட்டாங்க, உனக்கு இன்னா வந்துச்சு, எழுது' என்று நான் அதட்டின பிறகுதான் எழுதுகிறார்.

அக்கா நடுக்கூடத்தில் நின்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். 'நாலு வருஷமா வயித்துல ஒன்னும் தங்கல, மாருல மட்டும் பால் எங்கிருந்துடா வரும்? ஏற்கெனவே ஒன்னு பொறந்து எங்கயோ வளருது.' சம்பந்தி, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் நானும் அப்படியோ என்று நினைத்துவிட்டேன். இளம்பரிதி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஷர்மிளா என்னைத்தான் பார்த்தது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தது. அப்போதுதான் எனக்குக் கிடா ஞாபகம் வந்தது.

எனக்கு எழுத்து இல்லாததால் எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கிறது, ஒன்றும் அழிவதில்லை. எனக்கு மீசை அரும்பின வருஷம், இந்தப் பாஷாவின் அப்பா பக்ரீத் குர்பானிக்காக உங்கள் திமிரி சந்தையில் ஒரு கிடா வாங்கி வந்தார். கருப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கெட்ட குணம். கட்டிப் போட்டுப் பார்த்தால் கிடாவுக்கு மடி. கறந்தால் பால். நான் என் கண்ணால் பார்த்தேன், ஒரு டம்ளரில் பாதி. தெருவே திரண்டு வந்தது. நம்ம ஆட்கள் மாலை போட்டார்கள், குங்குமம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். பாஷாவின் அப்பா இதை அறுத்தால் கலாட்டா ஆகிவிடும் என்று குர்பானிக்கு வேறு ஆடு தேடிப் போனார். அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினவள் யார் தெரியுமா, இதே என் அக்கா. இதை அவளுக்கு ஞாபகப்படுத்தி, 'அந்தக் கிடாவ நீ கும்பிட்டியே, உன் குட்டி எங்கடான்னு கேட்டியா?' என்றேன். 'அது வாயில்லா ஜீவன்' என்றாள். 'இந்தப் பொண்ணும்தான் வாயத் திறக்கல, இத மட்டும் ஏன் பேசற' என்றேன். அதற்குப் பிறகு அவள் எனக்குத் தெரியாமல் மாடிக்குப் போய் உங்களுக்குப் போன் போட்டிருக்கிறாள். முட்டி வலிக்காரி மாடி ஏறினதே எனக்கு அடுத்த அதிர்ச்சி.

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். இளம்பரிதிக்குக் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற ஷிப்மென்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை. எல்லம்மாவுக்கு பஸ் ஏறினால் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வாந்தி. டாக்டரம்மா பேர் ஞானசுந்தரி. 'நீங்க யாரு?' என்றார். 'மாமனாருங்க' என்றேன். 'கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?' என்றார். நான் சந்தோஷமாக எழுந்தேன். உங்கள் மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, 'மாமா இருக்கட்டும் டாக்டர். ஊருக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். இவருக்குக் கேட்டது மறக்காது' என்றது. அதனால் உட்கார்ந்தேன். சுவரில் அருவிப் படம் போட்ட காலண்டர் ஒன்று இருந்தது. டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் நான் அந்த அருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன், சம்பந்தி. இன்றைக்கும் அந்த அருவியில் எத்தனை பாறை என்று கேட்டால் சொல்லுவேன்.

முதலில் கர்ப்பமா என்று பார்த்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. 'இன்னா டாக்டரம்மா, நீங்களும் எங்க அக்கா மாதிரியே' என்றுவிட்டேன். 'தாத்தா, பால் வருதுன்னா யாரா இருந்தாலும் மொதல்ல அதத்தான் பார்ப்போம். மகாராணியே வந்தாலும்' என்றார். அது இல்லை என்று ஆனது. பிறகு தைராய்டு பார்த்தார்கள், பால் சுரக்க வைக்கிற சத்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள். ஜாஸ்தி. பஸ் பிடித்து ஓடி வந்து, ஊசியைப் பார்த்துப் பயந்தாலும் கொஞ்சம் ஏறுமாம், அதனால் இன்னொரு நாள் அமைதியாக உட்கார வைத்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் ஜாஸ்தி. தலைக்குள் ஏதாவது கண் நரம்பை அழுத்துகிறதா என்று, ஒரு விரலைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் ஆட்டி, தெரியுதா, தெரியுதா என்று பார்வையைச் சோதித்தார். எனக்கும் பின்னால் இருந்தே தெரிந்தது, நானும் தெரியுது என்று சொன்னேன். 'உங்கள கேக்கல தாத்தா' என்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி தொங்குகிறதாம். உடம்பு முழுக்க வேலை வாங்குகிற மேஸ்திரி அதுதானாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று உத்தரவு போடுவதும் அதுதான். சில பேருக்குப் பிள்ளையே இல்லாமல் அந்த உத்தரவு தப்பாகப் போய்விடுமாம். தைராய்டு கம்மியானாலும் போகும், மனசுக்குப் போடுகிற சில மாத்திரையாலும் போகும், வயிற்றுக்குப் போடுகிற சில மாத்திரையாலும் போகும், அந்தப் பட்டாணிக்குள்ளேயே சின்னதாக ஒரு கட்டி வந்தாலும் போகும். பால் உத்தரவு ஜாஸ்தியானால் கருமுட்டைக்குப் போகிற உத்தரவு நின்றுவிடும். மாசக் கணக்கு தவறும், பிள்ளை தங்காது. நான் அருவியை விட்டுவிட்டுத் திரும்பினேன். 'அப்ப நாலு வருஷமா பிள்ள இல்லாததும், இப்ப பால் வர்றதும் ஒரே கோளாறா?' என்றேன். 'ரெண்டும் ஒன்னுதான் தாத்தா' என்றார். சம்பந்தி, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். எதை வைத்து இந்தப் பொண்ணு ஏற்கெனவே பிள்ளை பெற்றவள் என்று என் அக்கா சொன்னாளோ, அதுதான் இது இன்னும் பிள்ளை பெறாததற்கே காரணம்.

கேஸ் மாத்திரை, வாந்தி மாத்திரை தினமும் போடுவாயா என்று ஷர்மிளாவைக் கேட்டார். அது இல்லை என்றது. ஏதோ ஒரு கேள்விக்காவது நல்ல பதில் சொல்வோமே என்று, 'நான் போடறேன் டாக்டரம்மா. காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு, வெள்ளிக்கிழமை பாஷா வீட்டு பிரியாணிக்கு முன்னாடி ஒன்னு ஜாஸ்தி. பல வருஷமா' என்றேன். ஆம்பூரில் இது ஒரு விஷயமா, பிரியாணிக்கு எலுமிச்சம்பழம் மாதிரி அதுவும் ஒரு ஓரமாக இருக்கும். டாக்டரம்மா என் சட்டையை ஒரு மாதிரி பார்த்தார். வேர்வையில் பனியன் மார்ப்பக்கம் நனைந்திருந்தது, எனக்கு இப்போதெல்லாம் வேர்வை ஜாஸ்தி. 'உங்களையும் ஒரு நாள் பார்க்கணும் தாத்தா' என்றார். 'எனக்கு இன்னாங்க, நான் ஆம்பள' என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

தலையை ஸ்கேன் எடுக்கிற இடத்தில்தான் என் உயிர் பாதி போனது. காந்த மெஷினாம், உடம்பில் ஒரு குண்டூசி இருக்கக் கூடாதாம். கம்மல், மெட்டி எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஷர்மிளா கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றது. 'மாமா, இத யார்கிட்ட குடுக்கறது?' என்றது. என் மகன் கட்டின தாலி, மகன் பக்கத்தில் இல்லை. ஜெமி என்று ஒரு நர்ஸ், 'தாத்தா, இங்க தினமும் கழட்டித்தான் வெக்கறாங்க, உள்ள போய்ட்டு வந்து மாட்டிக்கப் போறாங்க, துண்ட நீட்டுங்க' என்றது. நீட்டினேன். வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தால், அங்கே வரிசையாக ஆம்பளைகள், எல்லார் கையிலும் பொத்தினபடி ஒரு தாலி. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, 'சம்சாரமா?' என்றார். 'மருமக' என்றேன். 'எனக்கு அம்மா' என்றார்.  உள்ளே மெஷின் நம்ம தோல் ஷாப்பு டிரம் மாதிரி கடகடவென்று அடித்தது. நான் துண்டை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஷர்மிளா வெளியே வந்து தாலியைக் கேட்டபோது விரலைப் பிரிக்க முடியவில்லை.

கட்டி இருக்கிறது. மிளகளவு. கட்டி என்றதும் 'கேன்சருங்களா?' என்றேன். புற்றுநோய் இல்லை, மூளைக்குப் பரவுவது இல்லை, கத்தி வைக்கத் தேவையும் இல்லை என்றார் டாக்டரம்மா. மாத்திரைக்கு அடங்காத கட்டியை மூக்கு வழியாகப் போய் எடுப்பார்களாம். மூக்கு வழியாக என்றதும் நான் என் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இதற்கு அது வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவை ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான். ஆரம்பத்தில் கொஞ்சம் குமட்டும், எழுந்தால் தலை சுற்றும், அதனால் படுக்கும்போது போட வேண்டும். பால் நிற்கும், கட்டி சுருங்கும், மாசக் கணக்கு ஒழுங்காகும், பிறகு பிள்ளைக்கும் வழி உண்டு. நாள் தள்ளிப்போனால் உடனே வந்து சொல்ல வேண்டும், மாத்திரையை நிறுத்துவதா என்று அவர்தான் சொல்வார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷர்மிளா ஒன்றுதான் கேட்டது. 'மாமா, எங்க அப்பா நம்புவாரா?'

அதற்குத்தான் இந்தக் கடிதம். டெம்போ வேண்டாம், பெரியவர்கள் வேண்டாம். பொண்ணை எங்களிடமே விடுங்கள், இளம்பரிதியும் அதையேதான் கேட்கிறான். பெண்பிள்ளை விஷயம், நாலு பேர் வாயில் விழக் கூடாது, அதனால் படித்ததும் எரித்துவிடுங்கள், சம்பந்தியம்மாவிடம் மட்டும் காதோடு சொல்லுங்கள். உங்கள் கிணறு வற்றாமல் இருக்கட்டும், கடலைக்கு நல்ல விலை வரட்டும், கன்றுகள் துள்ளட்டும். இப்படிக்கு, பெருவிரல் வைத்து, உங்கள் சம்பந்தி காசி.

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை. மேலே எரிக்கச் சொன்னேன். எரிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை எடுத்து வரவேண்டிய ஹம்மாத், தோல் வாங்கத் திமிரிக்கு வருகிறவர், வேன் பிரேக் போய் இன்றைக்குத்தான் கிளம்புகிறார். அதற்குள் இங்கே உலகம் புரண்டுவிட்டது. புதன்கிழமை எல்லம்மா துவைக்க உட்கார்ந்தாள். அக்கா வழக்கம் போல பக்கெட்டில் கையை விட்டு ஒன்றை எடுத்து மோந்து, 'பாரு, இதுலயும் அதே வாடை' என்றாள். எல்லம்மா அதை விரித்துப் பார்த்து, 'அண்ணி, இது உங்க தம்பி பனியன்' என்றாள். வேலை முடித்து வந்த ஷர்மிளாவோடு சேர்த்து மூன்று பொம்பளைகளும் திரும்பி என் மார்பைப் பார்த்தார்கள். எழுபது தாண்டிய எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்ததே இல்லை. ஷர்மிளா லீவு போட்டு இந்தத் தடவை என்னைக் கூட்டிப் போனது. டாக்டரம்மா அதை வெளியே இருக்கச் சொன்னார். 'இருக்கட்டும்மா, சாட்சி வேணும்' என்று நானே சொன்னேன். அது அருவிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேர்வை இல்லை, சம்பந்தி. பால். ரத்தத்திலும் ஜாஸ்தி. நான் போட்ட கேஸ் மாத்திரையில் குமட்டலை அடக்குகிற மருந்து ஒன்று கலந்திருக்கிறதாம், அது அந்த மேஸ்திரியைக் கிளப்பிவிடுமாம், எப்போதாவது ஆம்பளைக்கும் இப்படி ஆகுமாம். அதை நிறுத்திவிட்டு வேறு கொடுத்திருக்கிறார். மறுபடி ரத்தம் பார்த்து, இறங்காவிட்டால்தான் எனக்கும் ஸ்கேன்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டு, 'நான் பெத்துப் போட்ட பிள்ள எந்த ஊர்ல வளருது, கண்டுபிடிச்சுச் சொல்லு' என்றேன்.  அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, 'காசி, நானும் அதே மாத்திரதான்டா போடறேன்' என்றாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் எதிரில் அவளே ஷர்மிளா கையைப் பிடித்து மன்னிப்பு கேட்பாள், இல்லாவிட்டால் முட்டி எண்ணெய் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை டெம்போவில் வருவதாக இருந்த பெரியவர்கள் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படியுங்கள். வேறு எதை விட்டாலும் என் பனியன் விஷயம் வருகிற இடத்தை விடாதீர்கள். மீசை வைத்த ஆம்பளைக்கே வரும்போது உங்கள் மகளைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. பாஷா சிரித்துக்கொண்டே எழுதுகிறார், கடைசி வரிகள் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அந்தக் கிடாவுக்கு மாலை போட்டார்கள், எனக்கு அதெல்லாம் வேண்டாம். பஸ்ஸிலேயே வாருங்கள். வரும்போது உங்கள் மகளுக்கு மல்லிப்பூ வாங்கி வாருங்கள்.