அலையை மறிக்கும் குச்சிகளும் என் அத்தையும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் வீட்டில் அனைவரும் நலம் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உடனே வந்து தங்கள் தாயாரைக் கொஞ்ச நாள் அழைத்துப் போக முடியுமா? அத்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காரணத்தைப் படித்ததும் கிழித்துப் போடவும்.

தங்கள் தங்கையின் ஆய்வுக்கூடத்தில் கூரை ஒழுகுவதால், அவளுடைய சாமான்களெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜைக்குக் குடிவந்துவிட்டன. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். மேஜை மேல் கீழொன்றும் மேலொன்றுமாக இரண்டு தெர்மாகோல் பலகைகள்; நடுவே வெள்ளைப் பீங்கான் குச்சிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், வரிசை வரிசையாக. இந்தப் பக்கம் புனல் மாதிரி ஒரு கருவி மைக்ரோவேவ் அலையை அனுப்பும். அந்தப் பக்கத்துப் புனல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு குச்சியும் அலையைக் கொஞ்சம் திருப்பிவிடுமாம். எல்லாம் ஒற்றுமையாகத் திருப்பினால் சில அலைவரிசைகள் உள்ளே நுழையவே முடியாதாம். இதற்கு போட்டானிக் பேண்ட் கேப் என்று பெயர். "கதவும் இல்ல, சுவரும் இல்ல, ஆனா அலை மட்டும் உள்ள வராது" என்று பூரித்தாள். வந்து சேரும் அலையைக் கணினித் திரையில் வரைந்து காட்டும் கோடு, அந்த அலைவரிசைகளில் பள்ளமாக விழ வேண்டும். போன வாரம் வரை அழகாகத்தான் விழுந்தது.

திடீரென்று ஒருநாள் பள்ளத்தின் நடுவே ஊசி மாதிரி ஒரு முனை கிளம்பிவிட்டது. அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. வேறு ஏதோ அலை வந்து கலக்கிறது என்று ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினாள், பால் திரிந்தது, வைஃபையை அணைத்தாள், என் செல்போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டாள், மாடி வீட்டுக்காரரிடம் போய் மைக்ரோவேவ் அடுப்பை நிறுத்தச் சொல்ல, அவர் என் சட்டையைப் பிடிக்காத குறையாக, "சோத்தைச் சூடு பண்றது ஒரு குத்தமாய்யா?" என்று சண்டைக்கு வந்தார். ஊசி மட்டும் அசையவில்லை. திங்கட்கிழமை ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன் செய்து காட்டியாக வேண்டும். "என் கணக்கே தப்பு போல. வேலையை விட்டுடறேன்" என்று நேற்று நின்றபடியே அழுதாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதற்காக உழைக்கிறவள், மைத்துனரே!

இன்று காலை அத்தை கண்ணை மூடிக்கொண்டு முதுகு சொறிந்துகொண்டிருந்தார். கையில் வெள்ளைப் பீங்கான் குச்சி.

"அத்தை, இது ஏது?"

"மேஜையில அத்தனை இருக்கே மாப்பிள்ளை! ஜில்லுன்னு எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா? ஓரத்துல எடுத்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்னு, மூடியைத் தூக்கி நட்டநடுவுலேர்ந்து எடுத்தேன்."

நடுவில் ஓர் இடம் காலியானால் அலை அங்கே தங்கி, மறுபக்கம் கசியும் என்று தங்கள் தங்கை எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஊசி கிளம்பிய இடம் அத்தையின் முதுகுதான்!

"அவகிட்ட சொல்லிடலாம் அத்தை."

"சொன்னீங்கன்னா இந்த வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்!"

கெஞ்சிக் கூத்தாடிக் குச்சியை வாங்கிவிட்டேன். சட்டைக்குள் இருக்கிறது, உட்கார்ந்தால் குத்துகிறது, அதனால் நடந்துகொண்டே இருக்கிறேன். இவள் மேஜையை விட்டு நகர்ந்தால்தானே திரும்பச் செருகுவது? நீங்கள் வந்து அத்தையை அழைத்துப் போனால், வழியனுப்ப இவள் வாசல்வரையாவது வருவாள். அது போதும் எனக்கு.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நீடூழி வாழட்டும்.

தங்கள் வரவை ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி எதிர்பார்க்கும்,
தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தையே மேஜைக்குப் போய், "நான்தான் எடுத்தேன், இப்ப என்னாங்கறே?" என்று போட்டு உடைத்துவிட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். எட்டிப் பார்த்தால், மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். அந்த இடத்தில் குச்சி இல்லாவிட்டால் ஊசி எங்கே வர வேண்டும் என்று கணக்கு சொல்கிறதோ, மிகச் சரியாக அங்கேதான் வந்திருக்கிறதாம்! திங்கட்கிழமை அதையும் சேர்த்துக் காட்டப் போகிறாள். "அம்மா எங்கயும் போக மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அத்தை அடுத்து எதைப் பிடுங்கலாம் என்று மேஜையைச் சுற்றி வருகிறார். இப்போது இருவரும் சேர்ந்து என்னைக் கேட்கிறார்கள்: "தெரிஞ்சும் காலையிலேர்ந்து ஏன் வாயைத் திறக்கலை?" ஆகவே கட்டாயம் வாருங்கள். அழைத்துப் போக வேண்டியது என்னை.