தொடாதீங்க சாரின் வெள்ளி ரூபாய்

காசைக் கண்டால் கை நீட்டாத மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருவண்ணாமலையில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். பழைய காசு எதையாவது பார்த்துவிட்டால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். குனிந்து, மூச்சுக்காற்று படாத தூரத்தில் நின்று பார்ப்பார். நாம் எடுக்கப் போனால், "தொடாதீங்க சார்!" என்று அலறுவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் தொடாதீங்க சார்.

வேங்கிக்கால் பக்கம் எங்கள் அலுவலகம். அங்கே நான்கு வருஷம் அவரோடு குப்பை கொட்டினேன். விரல் ரேகை பட்டால் வெள்ளிக்குக் கேடு என்பது அவர் சித்தாந்தம். அது காசோடு நிற்காமல் மற்ற சாமான்களுக்கும் பரவிவிட்டது. ஃபைலை விளிம்பில் பிடித்துத்தான் தூக்குவார். மதியம் சாப்பாட்டில் அப்பளத்தைக்கூட இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். டிபன் பையில் ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை எப்போதும் இருக்கும். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "அவருக்கு ஏதாவது தோல் வியாதியா?" என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

செல்போனில் கண்ட வீடியோவையும் பார்த்துவிட்டு அவரிடம் ஓடி வருபவர்கள் உண்டு. "சார், அம்மன் படம் போட்ட அஞ்சு ரூபா லட்சத்துக்குப் போகுமாமே?"

"எங்க போகும்? டீக்கடைக்குப் போகும்" என்பார் நிதானமாக. பிறகு பாவம் பார்த்து விளக்குவார். "தங்கத்துக்கு எடை பாத்து விலை. பழைய காசுக்கு மூஞ்சி பாத்து விலை. ராஜாவுக்கு மூக்கு தேஞ்சிருந்தா வெறும் வெள்ளிக் கிரயம்தான். மூக்கு, மீசை எல்லாம் முழுசா இருந்து, மேல அந்தக் காலத்துக் கறுப்பு நிறம் கலையாம இருந்துச்சுன்னா, அதுக்கு மதிப்பு எத்தனையோ மடங்கு ஜாஸ்தி."

கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று ஒரு கல்யாணத்தில் அவரை மொய் எழுத உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்தில் மண்டபத்தில் சலசலப்பு. மொய்க் கவர்களில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். பெண்ணின் தாய்மாமன் பாய்ந்து வந்தார். "என்னங்க, காசைப் பிய்க்கிறீங்க?"

"பிய்க்கலைங்க, மாத்துறேன். இது பழைய அச்சு. இதுக்குப் பதிலா என் ரூபாயை ஒட்டிட்டேன் பாருங்க, பசைகூட என்னுதுதான்."

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவரை மொய் மேசைப் பக்கமே விடவில்லை. பந்தியில் அப்பளம் வைக்க அனுப்பிவிடுவார்கள்.

இப்படிச் சேர்த்ததில் அவர் உயிரையே வைத்திருந்தது ஒரே ஒரு காசின் மேல். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். ஆரணியில் ஒரு பழைய பட்டுக் கடையின் கல்லாப்பெட்டிக்கு அடியில், பலகை இடுக்கில் விழுந்து அப்படியே கிடந்ததாம். ஒரு கைகூட மாறாத காசு. தன் ஸ்கூட்டரை விற்று அதை வாங்கி வந்தார். அன்றிலிருந்து டவுன் பஸ்.

அந்த ரூபாய்க்குப் பின்னால் ஒரு மாடிப்படி இருந்தது. அவர் வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு, ஏறிப் போகப் படி கிடையாது. கட்டும்போது படி வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் அது குறையாகத் தெரியவில்லை, வாசலில் நின்றாலே மலை தெரிந்தது. பிறகு எதிர்மனையில் ஒரு லாட்ஜ் மூன்று மாடிக்கு எழும்பி மலையை மறைத்துக்கொண்டது. அவர் மனைவி காஞ்சனா அடி அண்ணாமலையில் பிறந்தவர். "மலையடியில பொறந்துட்டு தீபத்தை டிவியில பாக்கறேன், இதை யார்கிட்ட சொல்லி அழறது?" என்று ஒவ்வொரு கார்த்திகைக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"இரு காஞ்சனா, நம்ம மாடிப்படி பீரோவுல இருக்கு" என்பார் இவர்.

ஒரு வழியாக அந்த வருஷம் சென்னை வியாபாரி ஒருவர் போட்டோவைப் பார்த்து மயங்கி, தீபத்துக்கு முதல் நாள் நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்பு தொடாதீங்க சார் ஒரு சின்ன டப்பாவோடு என் மேசைக்கு வந்தார்.

"வீட்ல வெள்ளையடிக்கிறாங்க சார். சுண்ணாம்புக் காத்து வெள்ளிக்கு ஆகாது. நாலு நாள் உங்க வீட்ல இருக்கட்டும். பீரோவுல வேணாம், ரசகற்பூர உருண்டை இருக்கும். பூஜை ரூம் வேணாம், சாம்பிராணிப் புகை. ஃபிரிட்ஜ் மேல வேணாம், ஈரம். முக்கியமா, வீட்டம்மாகிட்டகூட சொல்லாதீங்க."

அத்தனையும் கழித்துப் பார்த்தால் என் வீட்டில் மிச்சமிருந்தது பரண். அங்கே ஒரு பித்தளை விளக்கு மூட்டை இருக்கும். வருஷத்துக்கு ஒரே முறைதான் அதை இறக்குவோம். டப்பாவை அதற்குள் சொருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஒரு முறை வரப்போகிற கார்த்திகைக்குத்தான் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

மூன்றாம் நாள் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி சுமதி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "எனக்குத் தெரியாம வெள்ளிக் காசு வாங்கி விளக்கு மூட்டையில வச்சிருக்கீங்க! கறுத்துக் கெடந்துச்சுங்க. விளக்கோட சேத்துப் புளி போட்டு, விபூதி போட்டு நல்லாத் தேச்சுட்டேன்."

பூஜை அலமாரியில் ராஜா கண்ணாடி மாதிரி மின்னினார். நெற்றியில் குங்குமம் வேறு.

மறுநாள் அதை அவர் மேசையில் வைத்தேன். அவர் கையுறையை மாட்டினார், லென்ஸை எடுத்தார், வெகுநேரம் பார்த்தார்.

"புளியா?"

"புளி, அப்புறம் விபூதி சார்."

"சுத்தமாத்தான் தேச்சிருக்காங்க" என்றார். கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சென்னை வியாபாரி சொன்ன நாளில் வந்தார், ஒரு பார்வை பார்த்தார். "பழைய நிறம் போச்சு, மேலெல்லாம் கீறல். இனிமே வெள்ளி எடைக்குத்தாங்க எடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். மாடிப்படியும் கூடவே போய்விட்டது.

மறுநாள் தீபம். காலையில் எழுந்ததும் பந்தல் போடுபவரிடம் கெஞ்சி ஒரு மூங்கில் ஏணி வாங்கினேன். திருவிழா நேரத்தில் நல்ல ஏணிக்கு எங்கே போவது? ஐந்தாவது குச்சி இல்லாத ஏணிதான் கிடைத்தது. சாயங்காலம் அதை ஷேர் ஆட்டோவின் கூரையில் கட்டி, சுமதியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தொடாதீங்க சார் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதைச் சுவரில் சாய்த்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது குச்சிக்குப் பதிலாகத் தன் தோளைக் கொடுத்து மனைவியை மேலே ஏற்றினார். பின்னாலேயே நாங்கள் மூவரும் ஏறினோம்.

ஆறு மணிக்கு லாட்ஜின் தலைக்கு மேலே மலை உச்சியில் தீபம் எரிந்தது. ஊரே எழுப்பிய அரோகரா கோஷத்தில் காஞ்சனா கைகூப்பி அழுதார். பிறகு சுமதியிடம் திரும்பிச் சிரித்தார்.

"இந்தக் கூத்தைக் கேளுங்க. இருவத்தஞ்சு வருஷமா எங்க யாரையும் ஒரு காசைத் தொட விடாத மனுஷன், தானே ஆசைப்பட்டு புளி போட்டுத் தேச்சுட்டாராம்!"

சுமதி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். தொடாதீங்க சார் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பிறகு மூடியிருந்த தன் கையை நீட்டி, அந்த ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே என்ன சார், நல்லாத் தொட்டுப் பாருங்க."

கார்த்திகைக் குளிரில் அந்தக் காசு கதகதப்பாக இருந்தது. மாடிக்கு ஏறியதிலிருந்து அதை வெறும் கையில் பொத்தி வைத்திருந்திருக்கிறார். இன்றைக்கு வேறு ஊரில் இருக்கிறேன், வேறு மனிதர்களோடு வேலை பார்க்கிறேன். ஆனால் யாராவது என் கையில் சில்லறை வைத்தால், அது சூடாக இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறேன்.